மலை ஏறும் ஜீப்பில் ரேடியேட்டர் ஏன் கொதிக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போடிநாயக்கனூரில் 31 ஆண்டுகளாக ஜீப் பட்டறை வைத்திருக்கிறேன். விடியுமுன் போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்களும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்க வருவோரை ஏற்றிச் செல்லும் ஜீப்களும் என்னிடம் வேலைக்கு வருவதுண்டு. சென்ற மாதம் அப்படி வந்த ஓர் ஓட்டுநரின் வலக்கையில் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. ஏற்றத்தின் நடுவில் வண்டி கொதித்து நின்றுவிட, பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்க, உள்ளே இருந்தவர்கள் அவசரப்படுத்த, அவர் ஒரு பழைய துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியைப் பிடித்துத் திருகியிருக்கிறார். மூடி கையோடு வந்தது. அதன் பின்னால் கொதிநீரும் வந்தது. அந்தப் பையனுக்கு வயது 24. அவன் கையைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

"மலை என்றால் வண்டி கொதிக்கத்தான் செய்யும்" என்ற பேச்சு எங்கள் பகுதியில் ஊறிப்போய்விட்டது. ஓட்டுநர்கள் சீட்டுக்கு அடியில் இரண்டு கேன் தண்ணீர் வைத்துக்கொள்கிறார்கள். குறிப்பிட்ட வளைவு வந்ததும் நிறுத்துகிறார்கள், ஊற்றுகிறார்கள், மீண்டும் ஏறுகிறார்கள். இதை ஒரு வழக்கமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் இதை ஏற்கவில்லை. மலை ஏறுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி, அதன் உறுப்புகள் ஒழுங்காக இருந்தால், அளவான ஆட்களோடு முழு ஏற்றத்தையும், சூடு காட்டும் முள் நடுவிலிருந்து அதிகம் நகராமல் ஏறிவிடும். முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது என்றால் ஏதோ ஓர் உறுப்பு தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். என் அனுபவத்தில் அந்த உறுப்பு பெரும்பாலும் விசிறி, அல்லது விசிறியைச் சார்ந்த ஏதாவது ஒன்று. ஆனால் பட்டறைகளில் முதலில் மாற்றப்படுவது ரேடியேட்டர், அடுத்து வாட்டர் பம்ப், அதற்கடுத்து, நீரின் சூட்டுக்கேற்ப வழி திறக்கும் தெர்மோஸ்டாட். விசிறியைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். சிலர் பார்ப்பதே இல்லை.

விசிறிக்கு மலைப்பாதையில் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எரியும் டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதி ஒரு பங்கு வெப்பத்தை இன்ஜினைச் சுற்றி ஓடும் நீர்தான் சுமந்து வந்து ரேடியேட்டரில் விட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும், அங்கே விசிறி ஓடாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. கொழுக்குமலைப் பாதையிலோ வண்டி பத்து கிலோமீட்டர் வேகத்தைக்கூடத் தொடுவதில்லை. இன்ஜின் முழு மூச்சில் உழைக்கிறது, எதிர்க்காற்று என்பதே இல்லை. மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. ஏறத்தாழ 2,170 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொழுக்குமலையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அது இழுத்துத் தரும் காற்றின் எடை குறைந்துவிடுகிறது. சமவெளியில் குறையோடு சமாளித்துக்கொண்டிருந்த வண்டி மலையில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

உயரத்தோடு இன்னொன்றும் மாறுகிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் ஒரு டிகிரி வீதம் இறங்கி, கொழுக்குமலையில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீசல் இன்ஜின் 80, 90 டிகிரியில் ஓடுவதுதான் முறை. அப்படியென்றால் சூடு 90-ஐத் தொடும்போது கொதிநிலைக்கு மூன்று டிகிரி இடைவெளிதான் மிஞ்சும். இந்த இடைவெளியை உண்டாக்கித் தருவதுதான் ரேடியேட்டர் மூடியின் வேலை. அது வெறும் மூடி அன்று; ஸ்பிரிங் வைத்த வால்வு. அதன் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருக்கும். உள்ளே அந்த அளவு அழுத்தம் சேரும்வரை அது ஆவியை வெளியே விடாது. நல்ல மூடி போட்டிருந்தால் கொழுக்குமலையிலும் வெறும் தண்ணீரே 110 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். கூலன்ட் என்னும் குளிர்விப்புத் திரவம் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி தாங்கும். அடியில் இருக்கும் ரப்பர் வெடித்துப்போன மூடியோ, அளவு பாராமல் கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்ட மூடியோ இந்தப் பாதுகாப்பை முழுவதும் இழக்கச் செய்துவிடும். இருநூறு முந்நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் பல ஆயிரம் ரூபாய் ரேடியேட்டரை மாற்றியவர்களை நான் ஒருவர் இருவர் அல்ல, பலரைப் பார்த்திருக்கிறேன்.

வண்டி ஹீட் ஆகிறது என்று ஒருவர் வந்தால் நான் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எப்போது ஹீட் ஆகிறது? மெதுவாக ஏறும்போதும் நெரிசலில் நிற்கும்போதும் முள் ஏறி, சமதரையில் வேகமாக ஓட்டியதும் இறங்கிவிடுகிறது என்றால் குறை காற்றில் இருக்கிறது; அதாவது விசிறியில். நேர்மாறாக, நின்றால் சரியாக இருந்து, வேகமெடுத்து ஓட ஓடத்தான் ஏறுகிறது என்றால் நீரோட்டம் போதவில்லை. ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கும், அல்லது உறிஞ்சும்போது கீழ் ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொள்ளும், அல்லது வாட்டர் பம்ப்பின் இறக்கை தேய்ந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்து நாலைந்து நிமிடத்திலேயே முள் எகிறி, இன்ஜின் கொதித்தும் கீழ் ஹோஸ் குளிர்ந்தும் இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று கொள்ளலாம். இன்ஜின் சூடாகும் முன்பே, ஸ்டார்ட் செய்த சில நொடிகளில், மேல் ஹோஸ் கல் போல இறுகினால், அல்லது திறந்த ரேடியேட்டரில் குமிழிகள் ஓயாமல் வந்தால், இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அது வேறு செலவு, வேறு கதை. ஓட்டுநர் கூர்ந்து கவனித்துச் சொல்லும் இந்த ஒரு விவரம் பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் பெரும்பாலோர் சொல்வது "கொதிக்குது அண்ணே, ரேடியேட்டரை மாத்திடுங்க" என்பதுதான்.

பழைய ஜீப்களில் விசிறி நேராக இன்ஜினோடு பெல்ட்டில் ஓடுவது. இதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் கெடும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது, உள்பக்கம் கண்ணாடிபோலப் பளபளப்பு ஏறியிருக்கக் கூடாது. ஆனால் நான் அதிகம் பார்க்கும் குறை பெல்ட் அன்று. விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூடு. ஃபேன் ஷ்ரவுட் என்று சொல்வார்கள். ஏதோ ஒரு வேலைக்காகக் கழற்றுகிறார்கள், திருப்பிப் போடும்போது போல்ட் ஓட்டை சரியாக உட்காரவில்லை என்று மூலையில் எறிந்துவிடுகிறார்கள். வண்டி ஓடத்தான் செய்கிறது. ஆனால் கூடு இல்லாத விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பதற்குப் பதிலாகத் தன் பக்கத்தில் இருக்கும் சூடான காற்றையே பிடித்துச் சுழற்றிக்கொண்டிருக்கும்; நான்கு மூலைகளிலும் ரேடியேட்டர் வேலை செய்யாமல் சும்மா நிற்கும். இறக்கையின் அகலத்தில் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதப்படாத கணக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏலத்தோட்ட ஓட்டத்தில் இருந்த ஒரு ஜீப்புக்கு, அதன் உரிமையாளர் புது ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பும் போட்டும் போடிமெட்டு ஏற்றத்தில் கொதிப்பு நிற்கவில்லை என்று கண்கலங்கி நின்றார். கூடு இல்லை. அதோடு முன்னால் பம்பரை ஒட்டிக் கனத்த இரும்பு கார்டு, அதாவது தடுப்புச் சட்டம். அதன் மேல் ஆறு விளக்குகள், கிரில்லை ஏறக்குறைய முழுவதும் மறைத்தபடி. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கூடு தேடிப் பிடித்து வந்து ஓட்டை போட்டு மாட்டினேன், விளக்குகளில் நான்கைக் கழற்றினேன். அதன் பிறகு அந்த வண்டி ஒரு முறைகூடக் கொதித்து நிற்கவில்லை. முன்னால் பொருத்தும் இரும்பு கார்டு கூடாது என்று ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது, நடந்து செல்பவர்களின் பாதுகாப்பைக் கருதி. அது காற்றையும் தடுக்கிறது என்பது என் தரப்பில் இன்னொரு காரணம்.

அடுத்து வந்தது விஸ்கஸ் ஃபேன். விசிறியின் நடுவில் வட்டமான அலுமினியக் குடம் ஒன்று இருக்கும். அதற்குள் சிலிக்கோன் எண்ணெய். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடானால் முன்னால் உள்ள சுருள்தகடு வளைந்து வழியைத் திறக்கும், எண்ணெய் பரவி விசிறியை இறுகப் பிடித்துச் சுழற்றும், குளிர்ந்தால் விட்டுவிடும். எண்ணெய் கசிந்துபோனால் விசிறி சுற்றுவதுபோலக் கண்ணுக்குத் தெரியும், ஆனால் காற்று வராது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, இறக்கையைக் கையால் ஒரு தள்ளு தள்ளுங்கள். கனமாக நகர்ந்து உடனே நின்றால் நலம். கோயில் திருவிழாவில் விற்கும் காற்றாடிபோல நாலைந்து சுற்று சுற்றினால் அதன் ஆயுள் முடிந்தது. குடத்தின் விளிம்பில் புழுதியோடு ஒட்டிய எண்ணெய்க் கறை இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் மின்விசிறி. குழப்பம் மிகுதியாக இருப்பதும், பணம் வீணாவதும் இங்கேதான். மின்விசிறி ஓடவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். மோட்டாருக்கு முன்னால் ஃப்யூஸ், மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே, சூட்டை அளக்கும் சென்சார், வயர், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் ஆகிய ஐந்தும் இருக்கின்றன. நான் பார்க்கும் முறை இது. ஏ.சி. உள்ள வண்டியென்றால் முதலில் ஏ.சி.யைப் போடச் சொல்கிறேன்; பெரும்பாலான வண்டிகளில் ஏ.சி. போட்டதும் விசிறி ஓட வேண்டும். ஏ.சி.க்கு ஓடி, இன்ஜின் சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டாரும் வயரும் நலம், சென்சாரைப் பார்க்க வேண்டும். பல புதிய வண்டிகளில் சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டால், சூடு தெரியாத நிலையில் கணினி தானே விசிறியை ஓடவிட்டுவிடும். அப்படி ஓடினாலும் அதே முடிவுதான். எதற்கும் ஓடவில்லை என்றால் ஃப்யூஸைப் பார்த்துவிட்டு, ரிலேயைக் கழற்றி அதே வகையான ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் செருகிப் பார்க்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் மட்டுமே மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த வயர் வழியாக நேரே மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறேன். அப்போதும் ஓடவில்லை என்றால்தான் மோட்டார் குற்றவாளி.

இடையில் எல்லோரும் மறப்பது எர்த். இந்த மோட்டார்கள் 15, 20 ஆம்பியர் இழுப்பவை. சேறும் ஈரமும் பட்டு எர்த் போல்ட்டில் துரு ஏறி, பத்தில் ஒரு ஓம் தடை உண்டானாலே போதும், 20 ஆம்பியரில் இரண்டு வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். விசிறி ஓடும், ஆனால் சோம்பி ஓடும். ஓடுகிறதே என்று மெக்கானிக் அடுத்த உறுப்புக்குப் போய்விடுவார். விசிறி ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை மோட்டாரின் மைனஸ் வயரிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி இறுக்க வேண்டும். மணல்தாளும் பத்து நிமிடமும் போதும்.

இந்த இடத்தில் ஒரு வண்டியைப் பற்றி விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நான்கு சக்கரமும் இழுக்கும் புதிய வகை வண்டி; உரிமையாளர் மலைப்பாதைப் பயணங்களில் ஆர்வமுள்ள ஒரு வங்கி ஊழியர். நெடுஞ்சாலையில் மதுரை போய் வந்தால் எந்தக் குறையும் இல்லை, குரங்கணிப் பக்கம் ஏறினால் கொதிக்கிறது. வேறு ஊர்ப் பட்டறைகள் இரண்டில் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மூடி, கூலன்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றி, 30,000 ரூபாய்க்கு மேல் அவர் செலவழித்திருந்தார். என்னிடம் வந்தபோது விசிறி ஓடியது, நல்ல வேகத்தில், நல்ல சத்தத்தோடு. எர்த் சரி, வோல்ட் சரி. எனக்கும் முதல் அரை மணி நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு மேசையில் கிடந்த அன்றைய நாளிதழில் ஒரு தாளை உருவி, வண்டியின் முன்னால் கிரில்லின் மேல் வைத்தேன். விசிறி உள்ளே இழுத்தால் தாள் கிரில்லோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அது படபடவென்று அடித்துக்கொண்டு என் முகத்தின் மேல் வந்து விழுந்தது. விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜின் அறையின் வெந்த காற்றை ரேடியேட்டர் வழியாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. விசாரித்தால், ஆறு மாதத்துக்கு முன் ஓர் ஓடையைக் கடந்தபோது மோட்டாருக்குள் தண்ணீர் போய், அதைக் கழற்றிக் கார்பன் மாற்றியிருக்கிறார்கள்; மாட்டும்போது இணைப்பில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிவிட்டன. இவ்வகை மோட்டாரில் இரண்டு வயரையும் மாற்றினால் சுற்றும் திசையும் மாறிவிடும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே போதுமென்பதால் விசிறி ஓட வேண்டிய தேவையே வரவில்லை, குறையும் தெரியவில்லை. இரண்டு வயரை மாற்றிச் செருகினேன். தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டது. அவர் அந்தத் தாளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். விசிறி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து என்னிடம் வேலை கற்கும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

காடு மேடு சுற்றும் வண்டிகளுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. ஏ.சி.யின் கண்டென்சர் முன்னால், ரேடியேட்டர் பின்னால், இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். நடுவிலோ புல்விதை, பூச்சி, செம்மண் எல்லாம் கலந்து அடைபோல ஒட்டியிருக்கும். சேற்றில் இறங்கி ஏறிய வண்டியை இரண்டு நாள் காயவிட்டால் அந்தச் சேறு ரேடியேட்டரின் கண்களுக்குள் சுட்ட செங்கல்லாகிவிடும். வாட்டர் சர்வீஸில் முன்பக்கத்திலிருந்து வேகமாக அடிப்பதால் அழுக்கு இன்னும் உள்ளே போகிறது, மெல்லிய தகடுகளும் மடிந்து வழியை மூடிவிடுகின்றன. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, சாதாரணக் குழாய் வேகத்தில், ஊறவிட்டு ஊறவிட்டுத்தான் கழுவ வேண்டும். என்னால் இயன்றவரை கண்டென்சரைத் தளர்த்தி நகர்த்திவிட்டே கழுவுகிறேன். நேரம் எடுக்கும் வேலைதான். கூலி குறைவு என்பதால் பல இடங்களில் செய்வதில்லை.

உள்ளே ஓடும் நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் போர்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். வழியில் ஓடைத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். உப்புநீர் கொதிக்கக் கொதிக்கக் குழாய்களின் உள்சுவரில் வெள்ளைப் படிவு கட்டுகிறது, வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் கட்டுவது போலவே. பழைய செம்பு ரேடியேட்டர் என்றால் மேல் தொட்டியின் ஈயப் பற்றைப் பிரித்து, மெல்லிய கம்பி விட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கலாம். அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ள புதிய வகையில் அதற்கு வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் கலந்து ஊற்றினால் இந்தச் செலவே வராது. அவசரத்துக்கு வழியில் ஊற்றிய தண்ணீரை ஊர் திரும்பியதும் இறக்கிவிடுங்கள்.

மனம் பொறுக்காமல் இதையும் எழுதுகிறேன். கொதிக்கும் வண்டிக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது எங்கள் தொழிலில் ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீரை உள்ளேயே சுற்றவிட்டு, 80 டிகிரியை ஒட்டிச் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறப்பது அந்த வால்வு. பல இன்ஜின்களில் அதே வால்வு பெரிய வழியைத் திறக்கும்போது குறுக்குவழியை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே இன்ஜினுக்குத் திரும்பும். ஏற்றத்தில் முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும். இறக்கத்திலும் குளிர்காலையிலும் இன்ஜின் உரிய சூட்டை எட்டாமல் ஓடி, டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். இதைப் போன்றதே விசிறியை "டைரக்ட்" செய்து டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துவிடும் வழக்கமும். அந்த சுவிட்சைப் போட மறக்கும் ஒரு நாளில் ஹெட் வளைந்துவிடுகிறது. ரிலேயும் உரிய ஃப்யூஸும் இல்லாமல் மெல்லிய வயரில் 20 ஆம்பியரை ஓட்டி, வயர் உருகித் தீப்பிடிக்கும் நிலைக்கு வந்த வண்டிகளையும் நான் கண்டிருக்கிறேன். குறையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் செலவழிக்க மனமில்லாதவர்கள் கண்ட குறுக்குவழிகள் இவை. என் தொழிலைச் சேர்ந்தவர்களே இதைச் செய்கிறார்கள் என்பதால் எனக்கு வருத்தம் அதிகம்.

ஓட்டுநர்களிடம் உரிமையோடு சில வார்த்தைகள். இன்ஜினைத் திணறவிட்டு ஏறாதீர்கள். பெல்ட்டில் ஓடும் விசிறியும் வாட்டர் பம்ப்பும் இன்ஜின் வேகத்தைப் பொறுத்தே சுற்றும். பெரிய கியரில் முக்கி முக்கி ஏறினால் வெப்பம் உச்சத்திலும் விசிறி மந்தத்திலும் இருக்கும். நான்கு சக்கர இழுவையோடு வரும் லோ கியர் இருக்கும் வண்டிகளில் அதைப் போடுங்கள். அது ஏறத்தாழ இரண்டரை மடங்கு இழுவையைக் கூட்டித் தருகிறது, இன்ஜின் இலகுவாகச் சுற்றுகிறது. முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் முழு அளவில் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். அப்படியும் இறங்காவிட்டால் இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்துவிடுங்கள். ஆவி வராமல், விசிறியும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று நிமிடம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. ஆவி அடித்தாலோ பெல்ட் அறுந்திருந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். மின்விசிறி சாவியை எடுத்த பிறகும் தானாக ஓடக்கூடும், விரலை அருகில் கொண்டுபோகாதீர்கள். நீர் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சார் காற்றில் நின்று குறைந்த சூட்டைக் காட்டும். முள் இறங்கிவிட்டது என்று நம்பி ஓட்டி இன்ஜினை இழந்தவர்கள் உண்டு. கொதித்த இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். மூடியைக் குறைந்தது அரை மணி நேரம் தொடக் கூடாது. அதன் பிறகும் மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கிப் பார்த்து, அது தளர்ந்திருந்தால் மட்டும் ஈரச் சாக்கைப் போட்டு, கால் சுற்று திருகி, மூச்சு அடங்கும்வரை நின்று, பிறகு திறக்க வேண்டும்.

பயணிகளிடமும் கேட்டுக்கொள்கிறேன். சூரிய உதயம் தவறிவிடும் என்று அந்த அரை மணி நேரத்தில் ஓட்டுநரை நெருக்காதீர்கள். அந்தப் பையன் மூடியைத் திறந்தது உங்களைப் போன்றவர்களின் அவசரத்துக்காகத்தான்.

அரசிடம் கேட்பவை பெரிய செலவுள்ளவை அல்ல. ஆள் ஏற்றும் வண்டிகளுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று கொடுக்கும்போது பிரேக்கையும் விளக்கையும் புகையையும் பார்க்கிறார்கள். நான் உடன் சென்று பார்த்தவரை, ரேடியேட்டர் மூடியின் ரப்பரையோ விசிறியின் கூட்டையோ யாரும் பார்த்ததில்லை. மலைப்பாதையில் ஓடும் வண்டிகளுக்காவது இந்த இரண்டையும், மின்விசிறி சரியான திசையில் ஓடுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் போதும். போடிமெட்டு ஏற்றத்தில் கொதித்த வண்டியை ஒதுக்கி நிறுத்துவதற்குப் போதுமான அகலமுள்ள இடங்களை நெடுஞ்சாலைத் துறை அடையாளமிட்டு, அங்கே நல்ல தண்ணீர்த் தொட்டியும், சூடான மூடியைத் திறக்காதீர்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய பலகையும் வைக்க வேண்டும். பின்னால் வரும் ஹாரன் சத்தத்துக்குப் பயந்துதான் பாதிப் பேர் ஆறுவதற்குள் மூடியைத் திறக்கிறார்கள்.

ஓட்டுநர் சங்கங்கள் விரும்பினால், ஏலத்தோட்ட ஓட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் என் பட்டறையில் வைத்தே விசிறியும் மூடியும் ஹோஸும் பார்க்கக் கற்றுத் தருகிறேன், கட்டணம் வேண்டாம். வரும்போது அவரவர் வண்டியையும் ஒரு பழைய நாளிதழையும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
ஜீப் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.